பழைய ரவைப் பெட்டியில் இருக்கும் எண்களை எப்படி வாசிப்பது?

வன்னியில் மீள்குடியேறிய ஊர்களில் பச்சை நிற இராணுவப் பெட்டி ஒன்றைக் காணாமல் ஒரு ஒழுங்கையைக் கடப்பது கடினம். கோழிக்கூட்டின் கதவுப் பலகையாக, கடையின் காசுப் பெட்டியாக, அரிசி போட்டு வைக்கும் பெட்டியாக அது இருக்கும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள இரும்புப் பெட்டிக்கு இன்னொரு மதிப்பு உண்டு. உள்ளே மழைத்தண்ணீர் போகாது என்பதால் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்க அதைவிட நல்ல பெட்டி இடப்பெயர்வுக் காலத்தில் கிடைத்ததில்லை.

அந்தப் பெட்டிகளின் பக்கத்தில் வெள்ளை, மஞ்சள் அல்லது கறுப்பு மையில் எழுத்துகளும் எண்களும் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவருக்கு அவை மூன்று விடயங்களைச் சொல்லும். உள்ளே இருந்தது என்ன, எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது. நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது: இதை யார் பயன்படுத்தினார்கள்? எங்கள் மக்களுக்கு முக்கியமான கேள்வி அதுதான். ஆனால் அதற்கான பதில் பெட்டியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

மண்ணுக்குள் இருந்து வரும் பொருட்களின் ஆண்டு எவ்வளவு பெரிய விவாதமாகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். மன்னார் சதொச வளாகப் புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019இல் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை அவற்றை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் இறுதியில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்பது அகழ்வுக்குப் பொறுப்பாயிருந்த பேராசிரியர் ராஜ் சோமதேவவின் முடிவு. எலும்பு மட்டும் பேசும்போது ஒரு கதை. உடன் கிடக்கும் துணி, பொத்தான், தகடு, ரவைக்கோது பேசும்போது கதை இன்னும் துல்லியமாகிறது. அப்படிப்பட்ட பொருட்களில் ஆண்டை நேரடியாகத் தன் மேலேயே பொறித்துக்கொண்டு வருவது ரவையும் அதன் பெட்டியும்தான்.

தொடர்வதற்கு முன் ஒன்று. இந்தக் கட்டுரை வெறும் பெட்டிகளையும் சுட்டு முடிந்த கோதுகளையும் பற்றியது. காட்டிலோ வயலிலோ கடற்கரையிலோ மூடியபடி, பாரமாக, பாதி புதைந்து கிடக்கும் பெட்டியை வாசிக்கப் போக வேண்டாம். ஜொனி 95 என்ற மிதிவெடியின் உடலே ஒரு சிறிய மரப்பெட்டிதான் என்பதை வன்னி மக்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

வாசிப்பின் அடிப்படை விதி எளிது. ஒரு பொருளில் உள்ள தயாரிப்பு ஆண்டு, 'இதற்கு முன் அல்ல' என்று மட்டுமே சொல்லும். 1992 என்று பொறித்த கோது ஒரு குழிக்குள், குழி மூடப்பட்டபோதே அங்கு போயிருந்தால், அந்தக் குழி 1992க்கு முன் மூடப்பட்டிருக்க முடியாது. ஆனால் 1993இலா, 2009இலா என்பதை அது சொல்லாது. ரவை ஒழுங்காகக் களஞ்சியப்படுத்தினால் பல பத்தாண்டுகள் வேலை செய்யும். 1970களில் செய்த ரவையை 2000களில் சுடுவது உலகெங்கும் நடந்த சாதாரண விடயம். ஆகவே கிடைத்தவற்றுள் மிகப் பிந்திய ஆண்டே பெறுமதியானது. இருபது கோதுகளில் பத்தொன்பது 1975 என்றும் ஒன்று 1995 என்றும் இருந்தால், பேச வேண்டியது அந்த ஒன்றைப் பற்றி.

இனிப் பலர் தவறும் இடம். பெட்டியில் தெரியும் ஆண்டு போன்ற எண் எல்லாம் தயாரிப்பு ஆண்டு அல்ல. எங்களுக்கு நன்கு பழகிய ரி-56 துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். அந்த 56, சீனா 1956இல் அந்த வகையை ஏற்றுக்கொண்டதைக் குறிக்கிறது. அதற்குரிய 7.62 மி.மீ. ரவைக்கும் அதே 56தான் பெயர். சீனப் பெட்டியில் 56 என்ற எண்ணும் அதையடுத்து 'வகை' என்று பொருள்படும் சீன எழுத்தும் இருந்தால் அது மாதிரியின் பெயர். பெட்டி 1956இல் செய்யப்பட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்.பி.ஜி-7இன் சீனப் பிரதி 69 வகை. சீன மிதிவெடி ஒன்று 72 வகை. எல்லாம் இதே கணக்கு. ரஷ்யர்கள் அதே ரவையை 1943 மாதிரி என்கிறார்கள். பிரித்தானிய .303 ரவைப் பெட்டியில் ரோம எண்ணில் ஏழு என்றிருப்பது 1910இல் வந்த ஏழாவது மாதிரி. உள்ளே இருந்த ரவை 1943இல் செய்ததாக இருக்கலாம். புலிகளின் ஜொனி 95, ரங்கன் 99 என்பவற்றிலும் எண் மாதிரியுடையதுதான்.

அப்படியானால் உண்மையான ஆண்டு எங்கே? தொகுதி எண்ணில். ஒரே இயந்திரத்தில், ஒரே மருந்தைக் கொண்டு, ஒரே காலத்தில் செய்த ரவைகள் ஒரு தொகுதி. பின்னாளில் ஒரு ரவை பிழைத்தால் முழுத் தொகுதியையும் திருப்பி எடுக்க வேண்டும் என்பதற்காக எல்லா நாடுகளும் அதை எழுதியே ஆகின்றன. எந்த ஒழுங்கில் எழுதுகிறார்கள் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறும்.

சோவியத், ரஷ்யப் பெட்டிகள் இந்த விடயத்தில் மிக நேர்த்தியானவை. மரப்பெட்டிக்குள் மீன் ரின்னைப் போல மூடி ஒட்டிய இரண்டு தகரப்பேணிகள் இருக்கும். ரி-56க்குப் போகும் 7.62 மி.மீ. ரவை பேணிக்கு 660 என்றால் பெட்டிக்கு 1320. பி.கே. இயந்திரத் துப்பாக்கிக்குரிய நீண்ட ரவை பேணிக்கு 440, பெட்டிக்கு 880. பெட்டியில் எண்ணிக்கை எழுதியிருக்கும் என்பதால், எழுத்து விளங்காவிட்டாலும் 1320 அல்லது 880 என்ற எண்ணை வைத்தே உள்ளே இருந்தது எது என்று ஊகிக்கலாம்.

அதில் ரஷ்ய எழுத்து ஒன்று நம்முடைய 'ப'வைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அது 'ப' ஒலிதான். அதற்குப் பக்கத்தில் ஆங்கில 'சி' போன்ற எழுத்து வந்தால் அது 'ஸ்'. இரண்டும் சேர்ந்து வருவது உருக்கு உள்ளீடு கொண்ட சாதாரண ரவை. கோது உருக்கா பித்தளையா என்பதையும் இரண்டு சிறிய எழுத்துகளால் குறிப்பார்கள். அடுத்த வரியில் ஒரு எழுத்தும் தொகுதி இலக்கமும், சிறு கோடு, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், சிறு கோடு, தொழிற்சாலை எண். 17 என்றால் சைபீரியாவின் பர்னாவுல். 3 என்றால் உலியானோவ்ஸ்க். 188 என்றால் நோவோசிபிர்ஸ்க். 270 என்றால் இன்றைய உக்ரைனின் லுகான்ஸ்க். 60 என்றால் இன்றைய கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக், அன்று அதன் பெயர் ஃபுருன்சே. 539 என்றால் தூலா.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். அது உந்துமருந்தின் பெயர், அதன் தொகுதி, அதன் ஆண்டு. இந்த இரண்டாவது ஆண்டு நல்ல சோதனை. மருந்தைச் செய்த பிறகுதான் ரவையில் நிரப்ப முடியும். ஆகவே மருந்தின் ஆண்டு ரவையின் ஆண்டுக்குச் சமமாகவோ முந்தியதாகவோ இருக்க வேண்டும். மருந்து 83, ரவை 81 என்று வாசித்தீர்கள் என்றால் எங்கோ ஒரு இலக்கத்தைப் பிழையாக வாசித்திருக்கிறீர்கள். மழையில் கரைந்த 3உம் 8உம் ஒன்றுபோலத் தெரிவது வழக்கம்.

கோதின் அடிப்பக்கத்தில் இதே விபரம் சுருக்கமாக இருக்கும்: ஒரு பக்கம் தொழிற்சாலை எண், எதிர்ப்பக்கம் ஆண்டு. 1952 முதல் 1956 வரை மட்டும் சோவியத் தொழிற்சாலைகள் ஆண்டுக்குப் பதிலாக ஒரு எழுத்தைப் பொறித்தன. சீனாவும் இந்த முறையையே எடுத்துக்கொண்டது. சிக்கல் என்னவென்றால் சீனத் தொழிற்சாலை எண்கள் பலவும் ஆண்டு போலவே தோன்றும். 61, 71, 31 எல்லாம் தொழிற்சாலைகள். 61உம் 71உம் எதிரெதிரே பொறித்த கோது கிடைத்தால் எது ஆண்டு? ஒற்றைக் கோதை வைத்துத் தலையை உடைப்பதில் பயனில்லை. அதே இடத்தில் கிடைத்த மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். எல்லாவற்றிலும் மாறாமல் வருவது பெரும்பாலும் தொழிற்சாலை. மாறி மாறி வருவது ஆண்டு. 351 போல மூன்று இலக்கம் வந்தால் குழப்பமே இல்லை.

அமெரிக்க முறை வேறு. உதாரணத்துக்கு 'எல்.சி-83கே001-001' என்ற வடிவில் ஒரு தொகுதி எண் இருந்தால், எல்.சி. என்பது மிசூரி மாநிலத்தின் லேக் சிற்றித் தொழிற்சாலை. 83 ஆண்டு. அடுத்து வரும் ஆங்கில எழுத்து மாதம்: 'ஏ' ஜனவரி, 'பி' பெப்ரவரி என்று போய் 'எச்' ஓகஸ்ட். 'ஐ' எழுத்து ஒன்று என்ற இலக்கத்தோடு மயங்கும் என்பதால் அதைத் தாண்டி 'ஜே' செப்டெம்பர், 'கே' ஒக்டோபர், 'எல்' நவம்பர், 'எம்' டிசெம்பர். எனவே மேலே சொன்னது 1983 ஒக்டோபர். மாதம் வரை சொல்லும் முறை இதுபோல அதிகம் இல்லை.

அமெரிக்க, நேட்டோ பெட்டிகளில் பதின்மூன்று இலக்கக் களஞ்சிய எண் ஒன்றும் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை. 13 என்று தொடங்கினால் வெடிபொருள். 1305 என்பது 30 மி.மீ. வரையான ரவைகள், 1315 என்பது 75 முதல் 125 மி.மீ. வரையான எறிகணைகள், 1330 கைக்குண்டு, 1340 ரொக்கற், 1345 கண்ணிவெடி. அடுத்த இரண்டு இலக்கம் அந்த எண்ணை வழங்கிய நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரித்தானியா, 12 ஜேர்மனி, 14 பிரான்ஸ். அமெரிக்கப் பெட்டியில் பதினொரு இலக்கம்தான் இருக்கிறது, நாட்டின் இரண்டு இலக்கம் இல்லை என்றால் அது 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய எழுத்து. ஆண்டு அழிந்துபோன பெட்டியைக்கூட இப்படி ஓரளவு மட்டுக்கட்டலாம்.

திருகோணமலைப் பக்கம் கிடைக்கும் சில பெட்டிகள் நம் போரோடு சம்பந்தமே இல்லாதவையாக இருக்கலாம். காகத்தின் கால் பதிந்தது போன்ற அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரச சொத்தின் அடையாளம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கிய துறைமுகம் அது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை அங்கிருந்தது. இந்தியாவின் கிர்க்கித் தொழிற்சாலையும் 'கே', 'எஃப்' எழுத்துகளுக்கு நடுவே இதே அம்புக்குறியைப் போட்டது. ஆகவே அம்புக்குறியைக் கண்டதும் இங்கிலாந்து என்று முடிவுகட்ட முடியாது. 'ஓ.எஃப்.வி.' என்றால் மகாராஷ்டிராவின் வரங்கான். 'பி.ஓ.எஃப்.' என்றால் பாகிஸ்தானின் படைக்கலத் தொழிற்சாலை. 'ஆர்.ஜி.' என்றால் இங்கிலாந்தின் ரட்வே கிரீன். வட்டத்துக்குள் சிலுவைக் குறி நேட்டோ தரத்தில் செய்தது என்பதை மட்டும் சொல்லும். நேட்டோ படை கொண்டுவந்தது என்பதை அல்ல.

நிறங்களிலும் ஒரு பொறி உண்டு. ரஷ்ய, சீன முறையில் சன்னத்தின் நுனி பச்சையாக இருந்தால் அது ஒளிரும் ரவை. நேட்டோவின் 5.56 மி.மீ. ரவையில் அதே பச்சை நுனி உருக்கு முனை கொண்ட சாதாரண ரவை. அங்கே ஒளிரும் ரவைக்குச் சிவப்போ செம்மஞ்சளோ. எறிகணைகளில் நேட்டோ முறைப்படி கரும்பச்சை உடலும் மஞ்சள் எழுத்தும் உயர்வெடிமருந்து, வான்நீலம் பயிற்சிக்குரியது, இளம்பச்சை புகை. பயிற்சிக் குண்டு என்றால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். விழுந்த இடத்தைக் காட்டுவதற்கான சிறு வெடிமருந்து அதற்குள்ளும் இருக்கலாம்.

செம்மஞ்சள் நிறச் சாய்சதுர ஒட்டி ஐ.நா. ஆபத்து வகைப்படுத்தலுக்குரியது. 1.1 என்றால் முழுவதும் ஒன்றாக வெடிக்கும், 1.2 என்றால் துண்டுகள் பறக்கும், 1.3 என்றால் பெருந்தீ, 1.4 என்றால் ஆபத்து பெரும்பாலும் பெட்டியோடு அடங்கும். நான்கு இலக்க ஐ.நா. எண் 0012 என்றால் துப்பாக்கி ரவை. 0321 என்றால் வெடிமருந்து நிரப்பிய குண்டு. இதனோடு வட்டத்துக்குள் ஐ.நா. குறியும் 4சி1 என்ற தொடக்கமும் கொண்ட நீண்ட வரி வந்தால், அது பெட்டியைப் பற்றியது: 4சி1 மரப்பெட்டி, 4ஏ உருக்குப் பெட்டி, 4டி ஒட்டுப்பலகை. அந்த வரியின் நடுவில் வரும் இரண்டு இலக்கம் பெட்டி செய்த ஆண்டு, அதற்கடுத்தது நாட்டுக்குறி.

கவனியுங்கள், பெட்டி செய்த ஆண்டு. ஒரே பெட்டியில் மாதிரியின் ஆண்டு, மருந்தின் ஆண்டு, ரவையின் ஆண்டு, பெட்டியின் ஆண்டு என்று நான்கு ஆண்டுகள் இருக்க முடியும். பழைய ரவையைப் பரிசோதித்துப் புதுப் பெட்டியில் மாற்றி அடைத்தால் ஐந்தாவதும் சேரும். வெறும் பெட்டியைப் படைகள் திரும்பவும் பயன்படுத்துவார்கள், மேலே பச்சை மை பூசிப் புதிதாக எழுதுவார்கள். 1985 பெட்டிக்குள் 1999 ரவை இருந்திருக்கலாம். பெட்டிக்கும் அருகில் கிடக்கும் கோதுக்கும் முரண்பட்டால், நான் கோதையே நம்புவேன். அதில் பொறித்ததை யாரும் மை பூசி மாற்றுவதில்லை.

இனி அந்த நான்காவது கேள்வி. பெட்டியில் ஏற்றுமதி ஒப்பந்த எண்ணோ கொழும்புத் துறைமுகத்தின் பெயரோ இருந்தால், அது கொழும்புக்கு விற்கப்பட்டது என்று சொல்லலாம். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. 1997இல் சிம்பாப்வேயின் அரச ஆயுத நிறுவனத்திடம் இலங்கை இராணுவம் வாங்கிய 81 மி.மீ. மோட்டார் குண்டுகள் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் கப்பலேறி, கொழும்புக்கு வராமல் புலிகளின் கைக்குப் போயின. 32,400 என்று அன்று எண்ணிக்கை சொல்லப்பட்டது. அந்தப் பெட்டி ஒன்று இன்று கிடைத்து, எழுத்தை மட்டும் வாசித்தால் நாம் எந்த முடிவுக்கு வருவோம்? 1996 யூலையில் முல்லைத்தீவுத் தளமும் 2000 ஏப்ரலில் ஆனையிறவும் விழுந்தபோது களஞ்சியங்களும் கைமாறின. பின்னர் இராணுவம் திரும்பிப் பிடித்தபோது மறுபடியும் கைமாறின. இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே ரி-56ஐயே தூக்கியிருந்தன. 1987 முதல் 1990 வரை இருந்த இந்தியப் படையின் 7.62 நேட்டோ ரவை விடயத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வரங்கானில் செய்த கோது, சுட்டவர் யார் என்பதற்குச் சாட்சி அல்ல.

விதிவிலக்கு ஒன்று, ஆயுதத்தின் தன்மையிலேயே இருக்கிறது. விமானத்திலிருந்து மட்டுமே போடக்கூடிய குண்டின் துண்டு கிடைத்தால் சந்தேக வட்டம் சுருங்கிவிடும். 2016இல் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை, வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது எடுக்கப்பட்ட படங்களை வெளியிட்டது. அவற்றில் இருந்தவை ரஷ்யத் தயாரிப்பு ஆர்.பி.கே-500 கொத்துக்குண்டின் பாகங்கள் என்று அடையாளம் காணப்பட்டன. கொத்துக்குண்டு பயன்படுத்தவில்லை என்பதே அரசாங்கத்தின் நிலைப்பாடு. அந்த விவாதம் படங்களால்தான் சாத்தியமானது. துண்டுகளை யாராவது பழைய இரும்புக்காரருக்குக் கிலோ கணக்கில் விற்றிருந்தால், விவாதிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆகவே படம் எடுக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். அழிந்த எழுத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். மிஞ்சியிருக்கும் மையும் போய்விடும். காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். மை பூசியிருந்த இடத்தில் மரம் குறைவாகத் தேய்ந்திருக்கும். எழுத்து மெல்ல மேடாக நிற்கும். சாய்ந்த வெயிலில் அது நிழலாகத் தெரியும். ஆறு பக்கமும் எடுங்கள், மூடியின் உட்பக்கத்தையும் மறக்க வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் கடதாசித் துண்டில்தான் சிலவேளை முழு விபரமும் இருக்கும். அளவு தெரிய ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். கோதின் நீளம்கூட அடையாளம்தான்: 39 மி.மீ. என்றால் ரி-56, 51 என்றால் நேட்டோ ரவை, விளிம்பு வெளியே தள்ளிய 54 என்றால் பி.கே. எங்கே, எந்தத் திகதியில், எத்தனை அடி ஆழத்தில் கண்டது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். இடம் தெரியாத பெட்டி வெறும் பலகை.

புதைகுழி என்று சந்தேகிக்கும் இடத்தில் ஒரு கோதைக்கூட எடுக்கக் கூடாது. எது எந்த ஆழத்தில், எந்த எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் நீதிமன்றத்தில் பேசும். நல்ல நோக்கத்தோடு எடுத்துப் பொலித்தீன் பையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அந்தக் கோது குழிக்குள் இருந்தது என்பதை நிரூபிக்க வழி இல்லாமல் போகும்.

சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. உயிருள்ள ரவையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ள நாட்டில், ஞாபகத்துக்கு வைத்தேன் என்ற விளக்கம் எடுபடும் என்று யாரும் நம்பி இருக்கக் கூடாது. காணி துப்புரவாக்கும்போது பெட்டியோ எறிகணையோ கண்டால், நின்ற இடத்தில் இருந்து வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, கிராம சேவையாளருக்கோ 119க்கோ அப்பகுதியில் வேலைசெய்யும் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ சொல்லுங்கள். படம் எடுப்பதானால் கைபேசியில் பெரிதாக்கி, நின்ற இடத்தில் இருந்தே எடுங்கள். அறிவித்த திகதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் குறித்து வைத்திருங்கள். ஒரு சாட்சியை அருகில் வைத்துக்கொண்டு சொல்வது இன்னும் நல்லது.